முகத்துக்கு அறுபத்தைந்து

லாரிகளை நிறுக்கும் எடை மேடையில் முப்பத்தோராண்டுகள் முள்ளைப் பார்த்தே உட்கார்ந்திருந்த மனிதர் அவர். வேலையிலிருந்து ஓய்வு கொடுத்து அனுப்பினார்கள். கண்ணுக்கு ஓய்வு கொடுக்க எவருக்கும் அதிகாரம் இருக்கவில்லை. சரக்கோடு நிறுக்கையில் வண்டிக்கடியில் தண்ணீர் டிரம்மை ஒளித்து வைத்துக் காலி வண்டி நிறுக்குமுன் திறந்துவிட்டவனைப் பிடித்தவர். பின்சக்கரத்தை மேடைக்கு அரை விரல் வெளியே நிறுத்திவிட்டு, ஒன்றும் அறியாதவன்போல் டீ குடித்தவனைப் பிடித்தவர். எவனிடத்திலும் கைநீட்டியதில்லை. அதனால் அவருக்கு "முள்" என்று பெயர் வந்தது. அலுவலகத்தார் தராசு முள்ளை நினைத்துச் சொன்னார்கள். லாரிக்காரர்கள் காலில் தைக்கும் முள்ளை நினைத்துச் சொன்னார்கள். இரு தரப்பாரும் சொன்னது மெய்.

அந்த முள் இப்போது வீட்டுக்குள் ஆடிக்கொண்டிருந்தது. நிறுப்பதற்கு லாரி இல்லாத கண், மனைவியையும் மகளையும் நிறுத்தது.

வீடு ஒரே நீளக் கூடம். பின்னால் அடுக்களை. சன்னலோரம் மனைவியின் தையல் இயந்திரம்; எதிர்க்கோடியில், கயிற்றில் தொங்கிய போர்வைக்கு அப்பால், மகளின் கட்டில். மகள் மருத்துவமனையில் செவிலி. மாதத்தில் பதினைந்து இரவு வேலை; பகலில்தான் தூக்கம். ஆனால் பகலில்தான் தையல் இயந்திரம் ஓடும். பகலில்தான் முள்ளும் வீட்டில் இருப்பார்.

"ஏழு மணிக்கு டூட்டி முடியுது. பஸ்ஸு அரை மணி நேரம். எட்டு பத்துக்கு வர்ற. நடுவுல நாப்பது நிமிஷம் எங்க போச்சு?"

"டீ குடிச்சேன்பா."

"நாப்பது நிமிஷமா?"

"ரெண்டு டீ குடிச்சேன்."

அவளுடைய வேலை நேரப் பட்டியலை நாட்காட்டியின் ஓரத்தில் பென்சிலால் எழுதி வைத்திருந்தார் அவர். அந்த மாதக் கடைசி வாரத்தில் ஒருநாள் அவள் அந்த நாட்காட்டிக்கு முன்னால் நின்றாள், நெடுநேரம் நின்றாள். பிறகு அம்மாவிடம் சொன்னாள்:

"ஆஸ்பத்திரிக்குப் பின்னாடி ஹாஸ்டல்ல ஒரு கட்டில் காலியாயிருக்கும்மா. மாசக் கடைசிக்குள்ள சொல்லணும். இந்த வீட்டுல எனக்குன்னு ஒரு சுவரும் ஒரு கதவும் இருந்தா இருக்கேன். இல்லன்னா போறேன்."

"மெஷின நான் ராத்திரி ஓட்டிக்கறேன்டி."

"மெஷின் சத்தம் மட்டுமாம்மா?"

அந்தக் கேள்வியை முள் அடுக்களை வாசலில் நின்று கேட்டார். அது தம்மை நோக்கிய கேள்வி என்று அவருக்குப் படவில்லை. 'மட்டுமா' என்றால் வேறு என்ன? எதையோ மறைக்கிறாள் என்றுதான் பட்டது.

*

முள்ளின் மனைவியான அந்தத் தையற்காரியின் தம்பி ஜிப்சம் போர்டு அடிப்பவர். முந்நூறு கிலோமீட்டருக்கு அப்பால் பெருநகரத்தில் அலுவலகங்களுக்கும் கடைகளுக்கும் பலகைச் சுவர் எழுப்பிக்கொண்டிருந்தார். அக்காவின் அழைப்புக்கு மறுநாள் காலை பையோடு வந்து இறங்கினார். நாற்பது வயது, வலத்தோள் இடத்தோளைவிட ஒரு விரல் தாழ்ந்திருக்கும். பலகை சுமந்து தாழ்ந்த தோள் அது.

அவர் கையைக் கழுவுவதற்குள் முள் கேட்ட முதல் கேள்வி: "மாப்ள, உங்க ஊர்ல சதுர அடி என்ன விலை?"

"எங்க ஊர்லயா மாமா? சாமானும் கூலியும் சேத்து நூத்தி இருபது ஓடுது."

"எழுதிக் குடு."

"எதுக்கு மாமா?"

"சீட்டு இல்லாம எந்த வண்டியும் மேடையை விட்டு எறங்காது."

போர்டுக்காரர் சிரித்தார். பதினெட்டடி நீளம், பத்தடி உயரம், நூற்றெண்பது சதுர அடி, நூற்றிருபது வீதம் என்று எழுதி, கேலியாகக் கீழே கையெழுத்தும் போட்டார். முள் அதைக் கேலியாக வாங்கிக்கொள்ளவில்லை. நாலாக மடித்துச் சட்டைப்பையில் வைத்தார்.

அன்று மாலையே வெளியே போய்த் தம் அண்ணனுக்குத் தொலைபேசினார். அண்ணன் தென்கோடியில் ஒரு சிற்றூரில் கடை வைத்திருப்பவர். போன ஆண்டு கடையின் பின்பக்கத்தைப் பலகையால் தடுத்தவர்.

"அண்ணே, உன் கடையில போர்டு அடிச்சியே, சதுர அடி என்ன குடுத்த?"

பேருந்து இரைச்சலுக்கு நடுவே அண்ணனின் குரல் கேட்டது. "அறுபத்தஞ்சுடா. முகத்துக்கு அறுபத்தஞ்சு. ஏன்?"

"ஒண்ணுமில்ல. சும்மாதான்."

'ஏன்' என்று கேட்டவரிடம் காரணம் சொல்லாமல் தொடர்பை அறுத்தது அவருடைய தொழில் வழக்கம். ஒரு லாரியின் எடையை இன்னொரு லாரிக்காரனிடம் சொல்லக் கூடாது. சொன்னால் இருவரும் கூடிக்கொள்வார்கள். நல்ல வழக்கம்தான். ஆனால் மேடைக்கு ஏற்ற வழக்கம் வீட்டுக்குள் வந்தால் என்ன செய்யும் என்பதை எந்த அலுவலகமும் அவருக்குச் சொல்லித் தரவில்லை.

முகத்துக்கு அறுபத்தைந்து! வீடு திரும்பும் வழியெல்லாம் அந்தச் சொல் அவர் நெஞ்சில் உரசிக்கொண்டே வந்தது. எவனோ ஒருவன், உறவில்லை, ஒட்டில்லை. அண்ணனின் முகத்துக்காக அறுபத்தைந்து போட்டிருக்கிறான். கூடப் பிறந்தவனோ அக்காவின் முகத்தைப் பார்த்துக்கொண்டே நூற்றிருபது எழுதுகிறான், கையெழுத்தும் போடுகிறான்!

*

மறுநாள் சாமான் வந்தது. தூறல் நாள். பலகைக்கு ஈரம் ஆகாது. நனைந்தால் ஓரம் உப்பிவிடும். போர்டுக்காரர் தம் சட்டையைக் கழற்றி மேல்பலகையின் ஓரத்துக்குப் போர்த்தி, வெற்றுடம்போடு ஒவ்வொன்றாகச் சுமந்து வந்து உள்ளே சாய்த்தார். பலகையைத் தாங்கும் தகரச் சேனல்கள், ஸ்க்ரூப் பெட்டிகள், சத்தம் அடக்கும் பஞ்சு நாலு கட்டு. முள் வாசலில் நின்று ஒன்று, இரண்டு என்று வாய்க்குள் எண்ணினார்.

"என்ன மாமா, வரவு வெக்கறீங்களா?"

"எண்றேன். எண்ணினா தேஞ்சா போயிடும்?"

"தேயாது. ஆனா நீங்க எண்ற கையால ஒரு மூலையப் புடிச்சா சீக்கிரம் உள்ள போயிடும்."

தரையில் நூல் பிடித்துச் சுண்ணக்கோடு அடித்தார். கோட்டின் மேல் சேனலை வைத்துத் துளையிட்டார். கூடம் முழுதும் சிமெண்டுத் தூள். தையற்காரி இயந்திரத்துக்குப் பழைய சேலையைப் போர்த்திவிட்டு, அடுக்களையிலிருந்தே பேசினாள்.

"தம்பி, முட்ட ஒடச்சு ஊத்தட்டுமா, அவிச்சுக் குடுக்கட்டுமா?"

"தூள் விழாத மாதிரி எதுவானாலும் குடுக்கா."

"இங்க தூள் விழாத எடம் எது? உங்க மாமாவோட வாய்க்குள்ளதான் விழல. அது தொறந்தாத்தானே?"

வாய் அப்போதுதான் திறந்தது.

"மாப்ள, ஒரு பேச்சுக்குக் கேக்கறேன். எல்லா ஊர்லயும் விலை ஒண்ணுதானா?"

"அதெப்படி மாமா ஒண்ணாயிருக்கும்?" போர்டுக்காரர் ஸ்க்ரூக்களை உதட்டில் கவ்விக்கொண்டிருந்ததால் சொற்கள் கோணலாக வந்தன. இரண்டைத் துப்பிக் கையில் வாங்கிக்கொண்டார். "கடலோரம்னு வைங்க. காத்துல உப்பு. சாதாரணப் பலகை ஆறு மாசத்துல ஊதிடும். ஈரம் தாங்கற பச்சைப் பலகை போடணும். அது வேற விலை. மலை மேலன்னா லாரி வாடகை. கொண்ட ஊசி வளைவுல பத்துப் பலகைக்கு ஒண்ணு மூலை ஒடைஞ்சுதான் வரும். அதையும் விலையில ஏத்துவான். ஃபாக்டரி பக்கத்துல இருக்கற ஊர்ல பலகை சல்லிசு. ஆனா அங்க கையிருக்கறவன் எல்லாம் ஃபாக்டரிக்கே போயிடுவான், அடிக்க ஆள் கெடைக்காது, கூலி ஏறும். எங்க ஊர்ல எல்லாம் அடுக்குமாடி. லிஃப்ட்ல சாமான் ஏத்த வுட மாட்டான். பதினாலு மாடி படியில தூக்கணும்."

"இங்க படியே இல்லையே."

"இல்லதான்."

"அப்ப இங்க கொறையணுமில்ல?"

போர்டுக்காரர் திரும்பிப் பார்த்தார். அந்தப் பார்வை ஒரு நொடி நின்றது.

"நீங்க 'உங்க ஊர்ல என்ன விலை'ன்னுதானே மாமா கேட்டீங்க? எங்க ஊர் விலைய சொன்னேன்."

"சரி. முகத்துக்குன்னு ஒரு விலை இருக்கே, அது?"

"முகக் கணக்கா? அது எங்க பக்கம் கெடையாது மாமா. நாங்க முகம் பாக்கறதில்ல. சுவர்க் கணக்குதான்."

கையில் இருந்த இரண்டு ஸ்க்ரூக்களை மீண்டும் உதட்டில் வைத்துக்கொண்டு அவர் வேலையைப் பார்த்தார். முள் அசையாமல் நின்றார். முகம் பார்ப்பதில்லையாம்! அக்காவின் அடுக்களையில் முட்டை பொரிகிறது; தம்பி முகம் பார்ப்பதில்லையாம்! எத்தனையோ திருட்டு லாரிகளைப் பார்த்திருக்கிறார். இப்படி நெற்றிக்கு நேரே ஒத்துக்கொண்டவன் எவனுமில்லை.

இங்கே ஒன்று சொல்ல வேண்டும். பலகைக்கு விலை வைத்த ஆலையை முள் சந்தேகிக்கவில்லை. ஓர் ஊருக்கும் மறு ஊருக்கும் நடுவே சரக்கை மறித்து வைத்து விலையேற்றும் கிடங்குக்காரனைச் சந்தேகிக்கவில்லை. ஒரே சுத்தியலுக்கு ஓர் ஊரில் முழு வயிறும் மறு ஊரில் அரை வயிறும் கூலியாக வகுத்தவர் யார் என்று அவர் கேட்கவில்லை. மூவரும் கண்ணுக்கு எட்டாத தூரத்தில் இருந்தார்கள். கண்ணுக்கு எட்டியது தாழ்ந்த ஒரு தோள். காலங்காலமாக நம் ஐயங்களெல்லாம் சுமக்கிறவன் தோளிலேயே போய் உட்காருகின்றன. ஏற்றிவிட்டவன் கையை எவரும் பிடிப்பதில்லை.

*

இரண்டாம் நாள் சுவரின் ஒரு பக்கத்துக்குப் பலகை ஏறியது. முள் எதையும் விடவில்லை. தரையில் விழுந்த ஸ்க்ரூக்களைப் பொறுக்கி எண்ணினார். வெட்டித் தள்ளிய துண்டுகளை அடுக்களைத் தராசில் வைத்து நிறுத்தார்.

"அந்தத் தட்டுலதான் வெங்காயம் நிறுக்கறேன்" என்றாள் மனைவி. "சுண்ணாம்பு படிஞ்சா யாரு கழுவறது?"

"உன் தம்பி எவ்வளவு வீணாக்கறான்னு பாக்க வேணாமா?"

"எவ்வளவு?"

"நாலே கால் கிலோ."

"நல்லது. கொழம்புல போட்டுடலாம்." அவள் தராசைப் பிடுங்கிக்கொண்டாள். "முப்பது வருசமா லாரி நிறுத்தீங்க. நான் ஒண்ணும் சொல்லல. அவன் லாரி இல்ல. என் தம்பி. சொல்லிட்டேன்."

"நான் என்ன சொன்னேன் இப்ப?"

"நீங்க சொல்ல வேணாம். உங்க மூக்கு சொல்லுது. சந்தேகம் வந்தா வெடைக்குது பாருங்க, அது."

முள் மூக்கைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார்.

நண்பகலில் அவர் கண் முன்னாலேயே அது நடந்தது. போர்டுக்காரர் நாலு பஞ்சுக் கட்டுகளில் இரண்டைத் தோளில் போட்டுக்கொண்டு தெருவில் இறங்கி, ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு போனார். முக்கால் மணி நேரத்தில் வெறுங்கையோடு திரும்பினார். பின்னால் சிமெண்டு மூட்டை வண்டி ஒன்று வந்து நின்று எதையோ இறக்கிவிட்டுப் போனது. சன்னலிலிருந்து பார்த்த முள்ளுக்கு வண்டிதான் தெரிந்தது, இறக்கியது தெரியவில்லை. கேட்டிருக்கலாம். கேட்டால் பதில் தயாராக இருக்கும் என்று நினைத்தார். அவர் எண்ணத்தில் கணக்கு முடிந்துவிட்டது: பாதிச் சுவருக்குப் பஞ்சு, மீதிச் சுவர் வெற்றுப் பெட்டி.

மூன்றாம் நாள் காலை, முள் பால் வாங்கி வருவதற்குள் உள்ளே பஞ்சு திணித்தாகிவிட்டது; இரண்டாம் பக்கமும் மூடப்பட்டது. இரவு வேலை முடிந்து வந்த மகள், கதவில்லாத நிலைக்குள் நுழைந்து, புதுச் சுவரைக் கையால் தடவினாள். நெடுநாளைக்குப் பிறகு அவள் சிரித்ததை அவள் அம்மா பார்த்தாள்.

"மெஷின ஓட்டும்மா, பாக்கலாம்."

தையற்காரி மிதித்தாள். மகள் உள்ளே காதைச் சாய்த்து நின்றாள்.

"கொஞ்சம் கேக்குது மாமா."

"இன்னும் வாய் அடைக்கலம்மா" என்றார் போர்டுக்காரர். "மேல ஒரு விரல், கீழ ஒரு விரல் எடைவெளி இருக்கு. கதவு இல்ல. எல்லாத்தையும் பூசி அடைச்சுட்டா உங்கம்மா தையல் மெஷின் என்ன, உங்கப்பா கேள்வியே உள்ள வராது."

மகள் வாய்விட்டுச் சிரித்தாள். முள்ளுக்குச் சிரிப்பு வரவில்லை. 'கொஞ்சம் கேக்குது' என்ற சொல் ஒன்றே அவருக்கு எட்டியது.

அன்று பகல் மகள் தோழியின் வீட்டுக்குத் தூங்கப் போனாள். மனைவி தைத்த துணிகளைக் கொடுத்துவர வெளியே போனாள். போர்டுக்காரர் கதவும் பூச்சு மாவும் வாங்கக் கடைத்தெருவுக்குப் போனார். பூச்சு காய ஒரு பகல் வேண்டும், நாளை இரவு தமக்கு ஊருக்கு வண்டி என்று சொல்லிவிட்டுப் போனார்.

வீட்டில் முள் ஒருவரே. எதிரே சுவர்.

விரல் முட்டியால் தட்டினார். மொத்தென்றது. தள்ளிப் போய்த் தட்டினார். மொத்தென்றது. காதை வைத்துத் தட்டினார், அதே மொத். இது ஏமாற்று வேலை, தட்டுவார்கள் என்று தெரிந்தே எதையோ திணித்திருக்கிறான் என்று அவர் மனம் சொன்னது. தரையில் பலகை அறுக்கும் கை வாள் கிடந்தது. மகளின் அறைக்குள் போனார். கட்டில் வந்தால் மறைந்துவிடும் இடம் எது என்று கண்ணால் அளந்து, முழங்கால் உயரத்தில் வாளின் நுனியைக் குத்தினார். பலகை வெண்ணெய்போல் இடம் கொடுத்தது. அறுக்க அறுக்க வெண்தூள் அவர் கால்மேல் பொழிந்தது. ஓரடிக்கு ஓரடி, சதுரம். கை சுத்தமான கை; கோடு பிசகவில்லை.

துண்டை இழுத்து எடுத்தார்.

உள்ளே பஞ்சு இருந்தது. வந்த நாலு கட்டில் இருந்த மெல்லிய மஞ்சள் பஞ்சு ஒன்று. அதன்மேல் அழுத்தமான, சாம்பல் நிறத்து, கைக்குக் கனமான வேறொரு பஞ்சு. இரண்டு அடுக்கு. விரல் நுழைய இடமில்லை. இரண்டு கட்டைக் கொடுத்துவிட்டு, அதைவிடக் கனமானதை மாற்றி வாங்கி வந்திருக்கிறான். சிமெண்டு வண்டி இறக்கியது அதைத்தான்.

மண்டியிட்டவாறே இருந்தார் முள். ஆனால் முப்பத்தோராண்டுப் பழக்கம் ஒரு தோல்வியில் அடங்குமா? பஞ்சு இருக்கட்டும். விலை? அறுபத்தைந்து எங்கே, நூற்றிருபது எங்கே? அங்கேயே, அந்த ஓட்டைக்கு முன்னாலேயே, தொலைபேசியை எடுத்தார்.

"அண்ணே, போர்டுக்குக் குடுத்தியே, அந்த பில்லை எடுத்துப் படி."

"என்னடா, இன்கம்டாக்ஸ்காரன் மாதிரி கேக்கற?"

"படிண்ணே."

காகிதம் புரளும் ஓசை. "முந்நூறு சதுர அடி. அறுபத்தஞ்சு வீதம்..."

"என்ன முந்நூறு? உன் கடை அகலமே பதினஞ்சு அடி. பத்தடி ஒசரம். நூத்தி அம்பதுதானே வரும்?" முள்ளின் குரல் துள்ளியது. "உன்ன ஏமாத்திட்டான்ணே!"

"யாரு ஏமாத்தினா? அந்தப் பக்கம் நூத்தி அம்பது, இந்தப் பக்கம் நூத்தி அம்பது. சுவத்துக்கு ரெண்டு முகம் இல்லையா? அதான் அன்னைக்கே சொன்னேனே, முகத்துக்கு அறுபத்தஞ்சுன்னு. இங்க எல்லாம் முகக் கணக்குதான்டா."

முள் சட்டைப்பையிலிருந்த சீட்டை எடுத்துப் பிரித்தார்.

"ஏன், உனக்கு என்ன போட்டான் உன் மச்சினன்?"

"சுவருக்கு... நூத்தி இருபது."

"ரெண்டு முகமும் சேத்தா? பஞ்சோடயா?"

"ரெண்டு அடுக்கு."

"எனக்குப் பஞ்சே இல்லடா. சுவத்துக்கு நூத்தி முப்பது குடுத்திருக்கேன். அந்தாள இங்க அனுப்பேன். மேல ஒரு ரூம்பு அடைக்கணும்."

*

போர்டுக்காரர் கதவைத் தலையில் சுமந்து வந்தபோது முள் அதே இடத்தில் நின்றிருந்தார். மறைக்க முயலவில்லை. முழங்காலில் வெண்தூள், வாள் கையிலேயே இருந்தது.

போர்டுக்காரர் கதவை இறக்கிச் சாய்த்தார். ஓட்டையைப் பார்த்தார். முள்ளைப் பார்த்தார். தரையிலிருந்த சதுரத் துண்டை எடுத்து ஓரத்தை விரலால் வருடினார்.

"நேரா அறுத்திருக்கீங்க மாமா. கை நடுங்கல."

"மாப்ள..."

"உள்ள இருந்துதா?"

"இருந்துது."

"ரெண்டு அடுக்கு?"

"ரெண்டு அடுக்கு."

"அப்ப சரி." அவர் சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினார். "அக்காகிட்ட சொல்ல வேணாம். கொஞ்சம் தள்ளுங்க. தண்ணி ஒரு வாளி கொண்டாங்க, மாவு கலக்கணும்."

அவர் வைதிருந்தால் முள் நிமிர்ந்திருப்பார். லாரிக்காரர்களிடம் முப்பத்தோராண்டுகள் வசை கேட்ட உடம்பு அது, தாங்கும். தண்ணீர் கேட்டதைத்தான் தாங்க முடியவில்லை. வாளியைக் கொண்டுவந்து வைத்தார். மாவு கரைகையில் வாளியைப் பிடித்துக்கொண்டார். உள்ளே இரண்டு தகரத் துண்டுகளைத் திருகி, சதுரத்தை அதன்மேல் பொருத்தி, இணைப்பில் வலை டேப் ஒட்டி, மாவை இழுத்தார் போர்டுக்காரர். அகலத் தகடு சுவரில் ஓடும் சரசரப்பு ஒன்றே அந்த வீட்டில் கேட்டது.

மாலையில் பெண்கள் இருவரும் வந்தபோது போர்டுக்காரர் பில் எழுதி முடித்திருந்தார். முள்தான் கேட்டிருந்தார், சீட்டு வேண்டும் என்று இந்த முறை தலையைக் குனிந்துகொண்டே கேட்டிருந்தார். அதை அவர் கையில் வாங்குமுன் மகள் வாங்கிப் படித்தாள்.

"பலகை, கடை விலை. சேனல், கடை விலை. பஞ்சு, மாத்தினதுக்கு மேல குடுத்தது. கதவு. வண்டி வாடகை... கூலி எங்க மாமா?"

"கீழ இருக்கு பாரு."

"கூலி: ஓட்டை அடைத்தது. ஒரு சதுர அடி. ஒரு முகம். அறுபது." அவள் நிமிர்ந்தாள். "இவ்வளவுதானா கூலி?"

"அக்கா வீட்டு வேலைக்குக் கூலி வாங்கினா என் கை அழுகிடும். அது மட்டும் வேற வேலை. அதுக்கு வாங்காம வுட மாட்டேன்." போர்டுக்காரர் முள்ளைப் பார்க்காமல் சொன்னார். "ஒரு முகந்தான் கிழிஞ்சுது. அதான் பாதி. உங்க பெரியப்பா ஊரவிட அஞ்சு கம்மி."

அண்ணனின் ஊர்க் கணக்கு தண்ணீர் வாளியைப் பிடித்திருந்த வேளையில் முள்ளின் வாயிலிருந்தே வந்திருந்தது. தையற்காரிக்கு ஒன்றும் விளங்கவில்லை. "எந்த ஓட்டை? யாரு போட்டா?"

பதில் சொல்ல வேண்டியவர் தொண்டையைச் செருமினார். எலி என்று சொல்லலாம். கதவின் முனை இடித்தது என்று சொல்லலாம். போர்டுக்காரர் வாய் திறக்கமாட்டார் என்பது உறுதி. பிறர் பொய்யைப் பிடிப்பதில் ஒரு வாழ்நாளைச் செலவழித்தவருக்குத் தம் பொய் வாசல்வரை வந்து நிற்பது தெரிந்தது.

"நான்தான்" என்றார். "பஞ்சு வெச்சிருக்கானான்னு பாக்க அறுத்தேன்."

தையற்காரி தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டாள். மகள் தன் அறைக்குள் போய், ஈரம் காயாத அந்தச் சதுரத்துக்கு முன்னால் குந்திப் பார்த்தாள். கட்டிலுக்குப் பின்னால், யாரும் பாராத இடத்தில்.

"ஒரு நாள் கூட முழுசா விட முடியலையாப்பா?"

கோபமில்லாத குரல். நோயாளியிடம் 'எங்கே வலிக்கிறது' என்று கேட்கும் குரல்.

"நான் ரெண்டு டீ எதுக்குக் குடிக்கறேன் தெரியுமா? ராத்திரி முழுக்க எனக்குத் தெரியாதவங்க வலியில என்னக் கூப்பிட்டுக்கிட்டே இருப்பாங்க. முடிச்சுட்டு வெளிய வந்து, யாரும் எதுவும் கேக்காத எடத்துல நாப்பது நிமிஷம் உக்காந்திருப்பேன். அவ்வளவுதான். அதுக்கு மேல அதுல ஒண்ணுமில்ல. அறுத்துப் பாத்தாலும் ஒண்ணுமில்ல."

வெளியே தூறல் மறுபடியும் பிடித்துக்கொண்டது.

"நாளைக்குச் சாயங்காலம் ஹாஸ்டலுக்குப் பதில் சொல்லணும்" என்றாள் அவள். பிறகு போர்டுக்காரரிடம் திரும்பினாள். "மாமா, கதவுக்குத் தாழ்ப்பாள் வாங்கினீங்களா?"

"வெளிப்பக்கத்துக்கு ஒண்ணு வாங்கினேம்மா."

"உள்பக்கத்துக்கு வேணும்."

"நான் வாங்கிட்டு வரேன்" என்றார் முள்.

மூவரும் அவரைப் பார்த்தார்கள். அவர் குடையைத் தேடிக்கொண்டிருந்தார்.

*

இரும்புக் கடைக்காரர் நாலைந்து தாழ்ப்பாள்களை மேசையில் பரப்பினார். "பித்தளையா, ஸ்டீலா? வெளிய போடறதுக்கா, உள்ள போடறதுக்கா?"

"உள்ள."

"சின்னது போதுமே சார், ரூமுக்குத்தானே?"

"பெரிசா குடுங்க. கெட்டியா இருக்கணும்."

முள் விலை கேட்கவில்லை. நோட்டைக் கொடுத்தார், மீதியை வாங்கிப் பையில் போட்டுக்கொண்டு நடந்தார். பாதி வழியில், ஒரு விளக்குக் கம்பத்தடியில், குடையைக் கழுத்தில் இடுக்கிக்கொண்டு நின்றார். மீதியை எடுத்து எண்ணிப் பார்த்தார். சரியாக இருந்தது. யாராவது பார்த்தார்களா என்று சுற்றிலும் பார்த்துவிட்டு நடந்தார்.

அன்றிரவு மகள் வேலைக்குப் போனாள். காலையில் எட்டு பத்துக்கு வந்தாள். முள் கடிகாரத்தைப் பார்த்தார், உதடு அசைந்தது, சொல் வெளியே வரவில்லை. நாட்காட்டி ஓரத்துப் பென்சில் எழுத்து அழிக்கப்பட்டிருந்தது. அழித்த தடம் நன்றாகத் தெரிந்தது.

கதவு பொருத்தியாகிவிட்டது. மேலும் கீழும் இடைவெளி அடைத்தாகிவிட்டது. ஒட்டிய சதுரம் சுவரின் மற்ற பாகத்தைவிடச் சற்று வெளுத்துக் காய்ந்துகொண்டிருந்தது. வண்ணம் பூசினால் தெரியாது என்று போர்டுக்காரர் சொன்னார். "வேணாம் மாமா, அத மட்டும் பூசாதீங்க" என்றாள் மகள். அறைக்குள் போனாள். கதவு மூடிற்று. உள்ளிருந்து தாழ்ப்பாள் விழும் ஓசை, பெரிய தாழ்ப்பாள் ஆகையால் நன்றாகவே கேட்டது.

"மிதிக்கா" என்றார் போர்டுக்காரர்.

தையற்காரி மிதித்தாள். இயந்திரம் கடகடத்தது. நிறுத்தினாள். மூவரும் கதவைப் பார்த்தார்கள். உள்ளிருந்து ஒரு குரலும் இல்லை. மறுபடி மிதித்தாள், முன்னிலும் வேகமாக.

முள் நாற்காலியை இழுத்துச் சுவரோரம் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். சாயங்காலம் அவள் எழுந்து ஹாஸ்டலுக்கு என்ன பதில் சொல்வாள் என்று அவருக்குத் தெரியாது. உள்ளே சத்தம் கேட்கிறதா, இல்லையா? அவள் தூங்குகிறாளா, விழித்துக் கிடக்கிறாளா? அதை அறிய ஒரே ஒரு வழிதான் இருந்தது. கதவைத் தட்டிக் கேட்க வேண்டும். அவருடைய விரல் முட்டி இருமுறை மடங்கி இருமுறை விரிந்தது.

பிறகு இரு கைகளையும் தொடைக்கடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.